எடை போடுமுன் ஒரு படம்

மதுரைத் தெற்குவாசலிலிருந்து வில்லாபுரத்திற்கு வருகிறவர்கள் இராமேசுவரம் இருப்புப் பாதையை மேம்பாலத்தின் வழியாகக் கடந்து வருகிறார்கள். பாலத்திலிருந்து இறங்கி அவனியாபுரத்தை நோக்கி நடந்தால் கடைசல் பட்டறைகளும் பழைய இரும்புக் கடைகளும் அங்கங்கே தென்படும். அத்தகைய கடையொன்றின் வாசலில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளையில், பழைய ஆயில் எஞ்சின் ஒன்று கிடக்கக் கண்டேன். ஒற்றைச் சிலிண்டர், இருபுறமும் ஃப்ளைவீல் என்று மிஸ்திரிகள் சொல்லும் பெருஞ்சக்கரங்கள், ஆள் மார்பளவு உயரம். பக்கவாட்டில் ஒரு பித்தளைத் தகடு. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் பார்த்தேன். ‘ரஸ்டன் - ஹார்ன்ஸ்பி, லிங்கன், இங்கிலாந்து’ என்னும் எழுத்துகளும், அவற்றின் கீழே ஓர் எண்ணும் தெரிந்தன.

“அரிசி மில் எஞ்சினுங்க பாய். கரண்டு வந்த பிறகும் கொஞ்ச நாள் ஓடியிருக்கு. இனி வார்ப்பிரும்பு விலைக்குத்தான் ஆகும்” என்றார் கடைக்காரர்.

கையில் காமிரா இல்லை. இருட்டியும் விட்டது. நாளைக் காலையில் வந்து ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் நான் போவதற்குள் சம்மட்டி முந்திக்கொண்டது. சக்கரங்கள் நான்கைந்து துண்டுகளாகக் கிடந்தன. தகட்டைத் தேடினேன். பித்தளைக்குத் தனி எடை, தனி விலை. அது முதலில் போய்விட்டிருந்தது. எண்ணையாவது முந்தின நாள் எழுதிக்கொண்டேனா என்றால் அதுவும் இல்லை. ஏறத்தாழ ஒரு வாழ்நாள் காலம் ஏதோ ஓர் ஊருக்கு நெல் குற்றித் தந்த ஓர் இயந்திரம், தான் இருந்ததற்கான அடையாளம் எதையும் விட்டுவைக்காமல் ஒரே இரவில் மறைந்துபோயிற்று.

பழைய இரும்பு வாங்கி விற்கும் கடைக்குத் தமிழில் ‘காயலான் கடை’ என்று பெயர். காயல்பட்டினத்து வணிகர்கள் அத்தொழிலில் முன்னோடிகளாக இருந்ததால் அப்பெயர் வந்ததென்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அகராதியிலும் பேச்சிலும் நிலைத்துவிட்ட அச்சொல், இயந்திரங்களின் கடைசி வீட்டு வாசலில் நம்மவர்களை நிறுத்தி வைத்திருக்கிறது. ஆகவே இயந்திரங்களைப் படம் பிடித்த வரலாற்றை நாம் அறிந்துகொள்வது வெறும் பொழுதுபோக்கு ஆகாது. அதில் நமக்கும் ஒரு பங்கும் பொறுப்பும் உண்டு.

இருட்டறையும் இயந்திர நூலும்

காமிராவின் கதையைத் தொடங்குகிறவர்கள் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு ஹைதமை விட்டுவிட முடியாது. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் வாழ்ந்த அவர், இருட்டறையின் சிறு துளை வழியே நுழையும் ஒளி எதிர்ச்சுவரில் உருவத்தைத் தலைகீழாகக் காட்டுவதை ஆராய்ந்தார். பிறைவடிவாய்த் தேய்ந்த கிரகணச் சூரியனின் உருவம் துளையின் அளவுக்கேற்ப எப்படி மாறுகிறது என்பதைத் தனி ஏடாகவே எழுதினார். அவர் படம் பிடிக்கவில்லை. உருவத்தைத் தாளில் நிலைநிறுத்தும் இரசாயனத்தை உலகம் அறிய இன்னும் எட்டு நூற்றாண்டுகள் ஆகவேண்டியிருந்தது. ஆயினும் அந்த இருட்டறையே பிற்காலக் காமிராவின் கருப்பை.

இயந்திரங்களுக்கு உருவப்படம் எழுதிய பெருமை இன்னொருவரைச் சேரும். தியார்பக்கிர் நகரத்து அர்துகித் அரசவையில் பொறியாளராயிருந்த அல்ஜஸரீ 1206-ஆம் ஆண்டில் ஒரு நூலை முடித்தார். நீரிறைக்கும் பொறிகள், கடிகாரங்கள், நீரூற்றுகள் என ஐம்பது பொறிகளை அதில் விவரித்தார். விவரித்ததோடு நில்லாமல் ஒவ்வொன்றையும் வரைந்தார். உறுப்புகளுக்கு எழுத்துக் குறியிட்டு, எது எதனோடு பொருந்துகிறது, எதனால் செய்யப்பட்டது என்பதையும் சொன்னார். அவர் செய்த பொறிகள் காலத்தால் அழிந்தன. படமும் குறிப்பும் பிழைத்தன. அவற்றைக் கொண்டு எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் சில பொறிகளை மீண்டும் செய்து ஓட்டிக் காட்டினார்கள். ஓர் இயந்திரத்தைப் படமாக்குவது எதற்காக என்று கேட்பவர்க்கு இதனினும் சிறந்த விடை இல்லை.

ரயிலை முந்திய காமிரா

மதுரைக்கு எது முதலில் வந்தது, புகைவண்டியா, காமிராவா? பலரும் புகைவண்டி என்றே சொல்வார்கள். உண்மை வேறு. சென்னைப் படையின் காப்டன் லின்னேயஸ் டிரைப், சென்னை அரசாங்கத்தின் ஒளிப்படக்காரராக 1856-இல் அமர்த்தப்பட்டார். 1858-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் மாட்டுவண்டிகளில் தம் பெட்டிகளையும் இரசாயனப் புட்டிகளையும் ஏற்றிக்கொண்டு மதுரை வந்து சேர்ந்தார். மெழுகு பூசிய பெரிய தாள்களே அவருடைய நெகட்டிவ்கள். மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் தெப்பக்குளத்தையும் வைகையாற்றையும் அவற்றில் பதித்தார். அப்படங்கள் அவ்வாண்டே தொகுதிகளாக வெளிவந்தன. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இப்பணி அரசாங்கத்துக்கு ஆடம்பரச் செலவு எனக் கருதப்பட்டு நிறுத்தப்பட்டது.

திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மீட்டர் கேஜ் பாதை மதுரையை எட்டியது 1875-இல். தூத்துக்குடியைத் தொட்டது 1876-இல். ஆகவே மதுரையின் காமிரா மதுரையின் எஞ்சினைவிடப் பதினேழு வயது மூத்தது. ஆயினும் முதல் எஞ்சின் வந்தபோது அதனைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தை யாரேனும் படம் பிடித்தார்களா? நானறிந்தவரை அத்தகைய படம் ஒன்றும் நம் நூல்களில் வழங்கவில்லை. ஆள்வோரின் காமிரா கோபுரங்களையும் சிதைந்த அரண்மனைகளையும் தேடிற்று. இந்நாட்டின் பழமையைக் காட்டுவதே அதன் நோக்கம். எஞ்சினோ அவர்கள் ஊரிலிருந்து வந்த புதுமை. அதைப் படமெடுக்க அவர்களுக்கு அவர்கள் ஊரே போதும்.

பாதை தூத்துக்குடியைத் தொட்ட ஆண்டிலேயே தாது வருடப் பஞ்சம் தொடங்கிற்று. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் எலும்பும் தோலுமான மக்களைக் காமிரா முன் வரிசையாக அமர்த்திப் படமெடுத்தார் ஹூப்பர் என்ற இராணுவ அதிகாரி. அப்படங்கள் இன்றும் உலகெங்கும் அச்சாகின்றன. அந்த மக்களின் பெயர்களோ எங்கும் இல்லை. தானியத்தைச் சுமந்து ஓடிய எஞ்சினுக்குப் படம் இல்லை. படத்திலிருந்த மனிதர்க்குப் பெயர் இல்லை. இந்தக் குறையை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம். இது பின்னும் வரும்.

சாம்பல் வண்ணத்தில் ஒரு மணக்கோலம்

எஞ்சினை முறையாகப் படமெடுக்கத் தொடங்கியவர்கள் அதனைச் செய்து விற்ற தொழிற்சாலைகளே. மான்செஸ்டர் நகரத்துப் பேயர் பீகாக் தொழிற்சாலைக்காக ஜேம்ஸ் மட் என்னும் ஒளிப்படக்காரர் 1850-களிலேயே ஒவ்வொரு புதுவகை எஞ்சினையும் படமெடுத்தார். கறுப்பு வண்ணமும் பளபளப்பான பித்தளையும் அக்காலத்துக் கண்ணாடித் தகடுகளில் சரிவர விழவில்லை. கறுப்பு கறுப்பாகவே அப்பிக்கொள்ளும். பளபளப்பு வெள்ளையாய்த் தெறிக்கும். ஆணிகளும் இணைப்புகளும் தெரியா. எனவே படமெடுப்பதற்கென்றே எஞ்சினுக்கு மங்கலான சாம்பல் வண்ணம் பூசினார்கள். சக்கரங்களை இணைக்கும் தண்டு கீழிறங்கி நிற்கும் நிலையில் எஞ்சினை நிறுத்துவார்கள். அப்போதுதான் சக்கரத்தின் ஆரக்கால்கள் மறையாமல் தெரியும். பின்புறத்துச் சுவரையும் புகைக்கூண்டையும் நெகட்டிவிலேயே மறைத்துவிட்டு, வெண்மைக்கு நடுவே எஞ்சின் மட்டும் தனித்து நிற்கும்படி அச்சிட்டார்கள். படம் முடிந்தபின் உரிய வண்ணம் பூசப்பட்டு எஞ்சின் கப்பலேறும்.

தென்னிந்திய ரயில்வேக்கு வந்த எஞ்சின்களில் பல ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் பிறந்தவை. 1903-இல் மூன்று கம்பெனிகள் இணைந்து அங்கே உருவான நார்த் பிரிட்டிஷ் லோகோமோடிவ் கம்பெனி 1962-இல் மூடப்பட்டது. ஆயினும் அக்கம்பெனியின் வரைபடங்களும் ஒளிப்படங்களும் அந்நகரத்து நூலகத்திலும் பல்கலைக்கழகத்திலும் காப்பாற்றப்பட்டுள்ளன. நம் மண்ணில் ஓடித் தேய்ந்த எஞ்சின்களின் முகத்தைக் காணக் கிளாஸ்கோவுக்கு எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது. அதுவும் மணநாளன்று எடுத்த படம் போன்றது. பிறந்த நாள் கோலம் அங்கே இருக்கிறது. உழைத்த நாளின் கோலம் எங்கே?

ஹிஜாஸ் பாதையில்

இதில் ஒரு கிழக்குநாட்டு அரசு விழிப்போடிருந்ததை இங்கே குறிப்பிடவேண்டும். உதுமானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது காமிராவின் வலிமையை நன்கறிந்தவர். பள்ளிகள், மருத்துவமனைகள், தொழிற்சாலைகள், கப்பல்கள், தீயணைப்புப் படையினர் ஆகியவற்றின் படங்களைத் தொகுத்து 51 ஆல்பங்களாக அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத்திற்கு அனுப்பினார். அவற்றில் 1,800-க்கு மேற்பட்ட படங்கள் உள்ளன. எங்கள் நாட்டைப் பாழ்மண்டபமாக மட்டும் பார்க்காதீர்கள் என்பதே அவற்றின் செய்தி.

அவர் காலத்தில் 1900-இல் தொடங்கிய ஹிஜாஸ் ரயில்பாதை 1908-இல் மதீனாவை அடைந்தது. டமாஸ்கஸிலிருந்து ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். உலக முஸ்லிம்களின் நன்கொடை அதில் பெரும்பங்கு. இந்திய முஸ்லிம்களும் ஈந்தார்கள். அதன் அகலம் 1,050 மில்லிமீட்டர். நம் மதுரை மீட்டர் கேஜைவிட அரைச்சாண்கூட அதிகமில்லை. முதலாம் உலகப் போரில் அப்பாதை சிதைந்தது. தென்பகுதி பின்னர் ஓடவே இல்லை. பாலைவனத்தில் சாய்ந்து கிடந்த அதன் எஞ்சின்களைப் படமெடுக்கப் பல நாட்டாரும் சென்றனர். வறண்ட காற்று அவற்றை நெடுநாள் துருவிலிருந்து காத்தது. இன்று மதீனா நிலையம் அருங்காட்சியகமாகியிருக்கிறது. மழையும் ஈரமும் உள்ள நம் நாட்டு இரும்புக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. துருவுக்கு முந்திக் காயலான் கடை. காயலான் கடைக்கு முந்தி நாம் போகவேண்டும்.

உருக்காலையிலிருந்து இராட்டை வரை

இருபதாம் நூற்றாண்டில் இயந்திரத்தைப் படமெடுப்பது தனிக்கலையாக வளர்ந்தது. அமெரிக்காவின் மார்கரெட் போர்க்-ஒயிட் 1920-களின் கடைசியில் கிளீவ்லாந்து நகரத்து உருக்காலைக்குள் நுழைந்தபோது, உருகிய எஃகின் செந்நிற ஒளி அக்காலத்துப் பிலிமில் பதியவில்லை. மக்னீசியத் தீப்பந்தங்களைக் கொளுத்தி வெண்ணிற ஒளி உண்டாக்கிய பிறகே படம் கிடைத்தது. 1936-இல் வெளிவந்த ‘லைஃப்’ இதழின் முதல் அட்டையை அலங்கரித்ததும் அவர் எடுத்த ஓர் அணைக்கட்டின் படமே.

இராட்சத இயந்திரங்களைப் படமெடுத்துப் புகழ்பெற்ற அவ்வம்மையார் 1946-இல் காந்தியடிகளைப் படமெடுக்க வந்தார். இராட்டையோடு இருப்பவரைப் படமெடுக்க வேண்டுமானால் முதலில் நீங்கள் நூற்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அங்கிருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அவரும் இராட்டை முன் அமர்ந்து கற்றுக்கொண்டார். அதன் பிறகு எடுத்த படமே உலகப் புகழ் பெற்றது. இயந்திரத்தைப் படமெடுக்க விரும்புவோர் அனைவர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு: அது எவ்வாறு இயங்குகிறது என்று அறியாதவன் அதன் முகத்தைக் காணமாட்டான்.

நம் நாட்டவரான சுனில் ஜானா (1918–2012) வங்கப் பஞ்சத்தைப் படமெடுத்துப் பெயர் பெற்றவர். பின்னர் உருக்காலைகளையும் சுரங்கங்களையும் அணைகளையும் தம் படங்களில் பதித்தார். பஞ்சத்தைக் கண்ட கண் தொழிலாளியையும் கண்டது. அவர் எடுத்த ஆலைப் படங்களில் இயந்திரம் மட்டும் நிற்பதில்லை. அதை ஆட்டுவிக்கும் கைகளும் இருக்கின்றன.

ஜெர்மனியின் பெர்ண்ட், ஹில்லா பெக்கர் தம்பதியர் வேறு வழி சென்றார்கள். 1959 முதல் நீர்த்தொட்டிக் கோபுரங்கள், ஊதுலைகள், சுரங்கத்தின் தூக்குக் கோபுரங்கள் ஆகியவற்றை மேகமூட்டமான நாளில், ஒரே உயரத்திலிருந்து, நிழல் விழாமல், ஆள் யாருமில்லாமல் படமெடுத்தார்கள். ஒன்பது பன்னிரண்டு படங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கும்போது, ஒரே வேலைக்குச் செய்த கோபுரங்கள் எத்தனை விதமாய் வேறுபடுகின்றன என்பது புலப்படும். அவர்கள் படமெடுத்தவற்றில் பல பின்னர் இடிக்கப்பட்டன. 1990-இல் வெனிஸ் கலைவிழாவில் அவர்களுக்குப் பரிசு கிடைத்தது, ஒளிப்படத்திற்கன்று, சிற்பத்திற்கு! அக்கட்டடங்களைப் பெயரறியாச் சிற்பங்கள் என்று அவர்கள் அழைத்ததை உலகம் ஏற்றுக்கொண்டது.

விருந்தாளியின் காமிரா

பிரிட்டனில் நீராவி எஞ்சின் 1968 ஆகஸ்டில் முதன்மைப் பாதைகளிலிருந்து விடைபெற்றது. நம் நாட்டிலோ சித்தரஞ்சன் தொழிற்சாலையில் 1972 வரை புதிய நீராவி எஞ்சின்கள் செய்யப்பட்டன. மதுரை வட்டாரத்துப் பயணிகள் நன்கறிந்த ஒய்.பி. வகை மீட்டர் கேஜ் எஞ்சின்கள் மட்டும் 1949 முதல் 1970 வரை 871 உருவாயின. ஆகவே 1970-களில் உலகத்து நீராவி அன்பர்களுக்கு இந்தியா ஒரு புண்ணியத்தலமாயிற்று. உலகின் கடைசி நீராவி எஞ்சின்களைப் படமெடுப்பதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்ட காலின் காரட் போன்றோர் இங்கு வந்து சென்றார்கள். இந்தியாவில் ஒரு பெருங்கம்பெனியின் தலைமைப் பொறுப்பிலிருந்த மைக்கேல் சாடோ என்ற ஆங்கிலேயர் பழைய எஞ்சின்களைத் தேடித் தேடிக் கண்டார். 1977-இல் தில்லியில் ரயில் அருங்காட்சியகம் அமைந்ததற்கு அவர் உழைப்பும் ஒரு காரணம்.

நம்மவர் ஏன் எடுக்கவில்லை? காமிரா விலை உயர்ந்தது, பிலிம் அதனினும் அரியது, இது முதற்காரணம். சட்டத்தின் அச்சம் இரண்டாவது. 1923-ஆம் ஆண்டு அரசாங்க இரகசியச் சட்டம் ‘வரைபடம்’ என்ற சொல்லுக்குள் ஒளிப்படத்தையும் அடக்குகிறது. பாலங்களிலும் நிலையங்களிலும் ‘படம் எடுக்காதீர்’ என்ற பலகைகள் தொங்கின. வெளிநாட்டார் ரயில்வே வாரியத்துக்கு எழுதி அனுமதிக் கடிதத்தோடு வருவார்கள். வில்லாபுரத்துப் பையன் ஒருவன் காமிராவோடு தண்டவாளத்தருகே நின்றால் காவலர் முதலில் கேட்பது பெயரை. பிறகு பிலிம் சுருளை. மூன்றாவது காரணம் நம் மனத்தில் இருந்தது. அன்றாடம் கண்முன் நிற்பதைப் படமெடுக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

விருந்தாளிகள் எடுத்த படங்கள் அருமையானவை. அவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் அந்த நூல்களைப் புரட்டும்போது ஒன்று உறுத்துகிறது. எஞ்சினின் வகை, எண், செய்த தொழிற்சாலை, ஆண்டு எல்லாம் படத்தின் கீழே இருக்கும். ஓட்டுநர் படிக்கட்டில் தலைப்பாகையோடு சாய்ந்து நிற்பவர் யார்? கரி வாரும் இளைஞன் யார்? எஞ்சினுக்குக்கூட எண் உண்டு. அவர்களுக்குப் பெயர் இல்லை. ஹூப்பரின் காலத்துக் குறை ஒரு நூற்றாண்டு கழித்தும் தீரவில்லை.

பாட்டனாரின் படம்

என் வீட்டில் ஒரு படம் இருக்கிறது. அத்தாவைப் பெற்ற என் பாட்டனார் ரயில்வேயில் ஃபயர்மேனாக வேலை பார்த்தவர். கரி அள்ளிப் போட்டே அவருடைய வலத்தோள் இடத்தோளைவிடத் தாழ்ந்திருந்ததென்று அத்தா சொல்லுவார். வீட்டில் அவருக்கு இருக்கும் படம் அது ஒன்றே. அதில் அவர் இரவல் கோட்டு அணிந்து நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். பின்னால் ஸ்டூடியோக்காரர் திரையில் தீட்டிய பூந்தோட்டம், ஒரு மாடிப்படி, வெள்ளை மயில். முப்பது ஆண்டுகள் அவரோடு வெந்த எஞ்சின் அதில் இல்லை. அதன் எண் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. பிறவாத தோட்டத்தில் அமர்ந்திருக்கிறார். உழைத்த இடம் தெரியவில்லை.

இதற்கு அவரையோ ஸ்டூடியோக்காரரையோ குறைகூற முடியாது. உழைப்பின் அழுக்கை ஒரு நாளாவது கழுவிவிட்டு நிற்கவேண்டும் என்று விரும்பியவர்கள் அவர்கள். ஆனால் பேரப்பிள்ளைகளாகிய நாம் தேடுவது அந்த அழுக்கைத்தான்.

அக்குறை என் வீட்டோடு முடியவில்லை. 1946 செப்டம்பர் 5-ஆம் நாள் பொன்மலை ரயில்வே பணிமனைத் தொழிலாளர் ஐவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். அவர்கள் நினைவு ஆண்டுதோறும் போற்றப்படுகிறது. அவர்கள் கைபட்ட கடைசல் இயந்திரத்தின் முன் அவர்கள் நிற்கும் படம் ஒன்று இருந்திருந்தால், அந்த நினைவுக்கு எத்தனை வலிமை சேர்ந்திருக்கும்!

மதுரையின் இயந்திரப் பட்டியல்

மதுரையைக் கோயில் நகரம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அது ஆலை நகரமும்கூட. ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் தாமிரபரணி அருவியின் விசையால் ஆலை ஓட்டியவர்கள். மதுரை ரயில் நிலையத்தருகே அவர்கள் தொடங்கிய மதுரை மில் 1892-இல் எழுந்தது. தூத்துக்குடியில் அவர்கள் நடத்திய கோரல் மில்லில்தான் 1908-இல் வ.உ.சிதம்பரனார் துணைநிற்க வேலைநிறுத்தம் மூண்டது. மதுரையில் மில் சங்கு ஊதுவதைக் கேட்டே பல வீடுகளில் உலை வைத்தார்கள். அந்தச் சங்கின் ஒலியும் போயிற்று. அதை எழுப்பிய கொதிகலனின் உருவமும் நம் கையில் இல்லை.

டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையைத் தளமாகக் கொண்டு பேருந்து ஓட்டியவர். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, கரியை எரித்து வாயு உண்டாக்கும் உருளைகளைப் பேருந்தின் பின்னே பொருத்தி ஓட்டினார்கள், டி.வி.எஸ். நிறுவனமே அக்கருவியைச் செய்தும் தந்தது. கைப்பிடியைச் சுழற்றிக் கனலை ஊதி, வாயு வரும்வரை பயணிகள் காத்திருந்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அக்கருவியைக் காட்டும் தெளிவான படத்தை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

மதுரை–போடிநாயக்கனூர் மீட்டர் கேஜ் பாதை 1928-இல் திறக்கப்பட்டது. உலகப் போரின்போது தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. பின்னர் மீண்டும் போடப்பட்டன. 2010 டிசம்பர் கடைசியில் அகலப் பாதைக்காக மூடப்பட்டது. போடி மீண்டும் ரயிலைக் கண்டது 2023 ஜூனில். 1914-இல் திறந்த பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதியைத் தொழிலாளர்கள் கையால் சுழற்றியே உயர்த்தினார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கியபோதும் அத்தூக்குப் பகுதி நின்றது. 2022 டிசம்பரில் அதன் மீது ரயில் ஓட்டம் நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. பாம்பன் பாலத்துக்குப் படப்பஞ்சம் இல்லை. கடலும் வானும் அதற்கு அழகூட்டுகின்றன. அழகற்ற இடத்தில் நின்ற இயந்திரங்களுக்குத்தான் ஆளில்லை.

கடலைச் சொல்லும்போது ‘ரஜூலா’ கப்பலை மறக்கலாமா? 1926-இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டுச் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை நம் மக்களைச் சுமந்த நீராவிக் கப்பல் அது. அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தவர்களின் பேரர்கள் இவ்விதழைப் படிப்போரிலும் இருப்பார்கள். கப்பலின் வெளித்தோற்றப் படம் பல வீடுகளில் உண்டு. அதன் வயிற்றுக்குள் வெந்த எஞ்சினையும் அதற்கு எண்ணெயிட்டவரையும் கண்டவர் யார்?

எடுப்பது எப்படி?

இன்று காமிரா இல்லாத சட்டைப்பை இல்லை. எனவே காரணம் சொல்லி ஒதுங்க இயலாது. நான் இழந்த அந்த ஆயில் எஞ்சின் எனக்குக் கற்பித்த சிலவற்றை எழுதிவைக்கிறேன்.

முதலில் தகடு. செய்தவர் பெயரும் எண்ணும் ஆண்டும் அதில்தான் உண்டு. சாய்வான ஒளியில், எழுத்துப் பள்ளத்தில் நிழல் விழும்படி எடுக்கவேண்டும். எழுத்து தேய்ந்திருந்தால் சிறிது சுண்ணாம்பு மாவைத் தடவித் துடைத்தால் தெளிவாகும். பிறகு நான்கு பக்கமும் நேர்நேராக எடுக்கவேண்டும். மூலையில் நின்று எடுப்பது கண்ணுக்கு அழகு, அளவுக்கு உதவாது. ஓர் அடிக்கோலைப் பக்கத்தில் சாத்திவைத்தால் பிற்காலத்தில் ஒருவர் அதனை மீண்டும் வரையலாம். இது அல்ஜஸரீ காட்டிய வழி.

கரிய இரும்பு உச்சிவெயிலில் வெறும் கறுப்புத் திட்டாகவே விழும். மேகமூட்டமோ காலைச் சாய்வெயிலோ நல்லது. ஓடும் நீராவி எஞ்சினாக இருந்தால் மதுரை வெயில் இன்னொரு தொல்லை தரும். சூடான வறண்ட காற்றில் ஆவி உடனே கரைந்து கண்ணுக்குத் தெரியாது. மார்கழி, தை விடியற்காலையில்தான் வெண்மேகமாய் நிற்கும். நீலகிரி மலைப்பாதையில் சுவிட்சர்லாந்து தந்த எஞ்சின்களையும், அவற்றின் மாதிரியில் பொன்மலையில் செய்த புதியவற்றையும் காணச் செல்வோர் இதனை நினைவிற்கொள்ளலாம்.

கடைசியாக, ஆனால் முதன்மையாக, மனிதர். எஞ்சினை ஓட்டியவர் உயிரோடிருந்தால் அவரை அதனருகே நிற்கச் சொல்லுங்கள். கை எங்கே வைத்திருப்பார் என்று கேட்டு அங்கேயே வைக்கச் சொல்லுங்கள். அவர் பெயரையும், ஊரையும், எத்தனை ஆண்டு ஓட்டினார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். படமில்லாத பெயரைக்கூட வரலாறு ஏற்றுக்கொள்ளும். பெயரில்லாத படம் யாரோ ஒருவருடையதாகி அலைந்து திரியும்.

இரும்பு வாணிகம் செய்யும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய இயந்திரங்களை உடைக்காதீர்கள் என்று சொல்லவில்லை. அது உங்கள் பிழைப்பு. உருகிப் புதுவடிவம் கொள்வது இரும்பின் இயல்பும் ஆகும். தராசில் ஏற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம் கொடுங்கள். தகட்டுக்கு ஒரு படம், உடலுக்கு நான்கு படம், எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஒரு வரி. எடையில் ஒரு குன்றிமணியும் இதனால் குறையாது.

நான் தவறவிட்ட அந்தக் கடைக்காரர் இப்போது என்னைக் கண்டால் சிரிக்கிறார். சென்ற மாதம் ஆள் அனுப்பினார். “பழைய அச்சு மிஷின் ஒண்ணு வந்திருக்கு பாய், காலையிலே உடைச்சிருவோம், இப்பவே வாங்க” என்பது செய்தி. விளக்கை எடுத்துக்கொண்டு இரவிலேயே போனேன். அதனை நாற்பதாண்டு ஓட்டிய அச்சுத் தொழிலாளி ஒருவரும் கடைசியாய் ஒருமுறை பார்க்க வந்திருந்தார். படத்தில் அவர் வலக்கை சக்கரத்தின் மீது இருக்கிறது. அவர் பெயரைப் படத்தின் பின்னே எழுதி வைத்திருக்கிறேன்.